பாரிஸ் உலக பாட்மிண்டன்: எங்கள் குடும்பக் குழுவில் நான்கு நாள் பேச்சு

வியாழன், 28.8.2025

சித்தி: சிந்து ஜெயித்துவிட்டாள்! சீனாவின் வாங் ஜியியை 21-19, 21-15. மூன்றாவது கேமுக்கே வேலை வைக்கவில்லை!

நான்: பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் சித்தி. முதல் கேமின் கடைசிப் புள்ளிகளில் உட்காரவே முடியவில்லை.

பெரியப்பா: உலகத் தரவரிசையில் இரண்டாவது இடத்தில் இருப்பவரைப் பதினைந்தாவது இடத்தில் இருப்பவர் வீழ்த்தியிருக்கிறார். இதைவிடப் பெரிய அதிர்ச்சி இந்தத் தொடரில் இனி வராது.

அக்கா: நான் இதை அதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன் பெரியப்பா. 2022 சிங்கப்பூர் ஓபன் இறுதியில் சிந்து வென்றது இதே வாங் ஜியியைத்தான். 21-9, 11-21, 21-15.

பெரியப்பா: அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை பாப்பா. அதன்பிறகு அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டது. தரவரிசை சும்மா வருமா? ஒரு வருட ஆட்டத்தைக் கூட்டித்தானே போடுகிறார்கள்.

அக்கா: அதுதான் நானும் சொல்வது. ஒரு வருடத்தில் எல்லோரோடும் ஆடியதன் கூட்டல் அது. இந்த ஒருவரோடு எப்படி ஆடுவார் என்பதை அது சொல்லாது. வாங் வேகமாக ஆடுகிறவர். அந்த வேகம் சிந்துவுக்குத் தோதானது. உயரமான ஆள், மேலிருந்து இறக்கி அடிக்க ஷட்டில் கிடைத்தால் போதும். ரேலியை, அதாவது ஒரு புள்ளிக்காக ஷட்டில் மாறி மாறிப் போவதை, இழுத்துக்கொண்டே போகிறவர்களிடம்தான் அவருக்குச் சிக்கல். கொரியாவின் ஆன் சே யங்கை அவர் இன்றுவரை ஒரு முறைகூட வென்றதில்லை, பாருங்கள்.

மாமா: அப்படியானால் ஜப்பானின் ஒகுஹாரா? அவரைவிட ரேலியை இழுக்கிறவர் யார்? 2017 கிளாஸ்கோ உலகப் போட்டி இறுதியில் 110 நிமிடம் சிந்துவை ஓட விட்டார். ஒரே ரேலியில் 73 ஷாட். 2019 பாசெல் உலகப் போட்டி இறுதியில் அதே இருவர்தான், 21-7, 21-7, 38 நிமிடத்தில் சிந்து முடித்துவிட்டார். ஆட்டப் பாணிதான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது?

அக்கா: நல்ல கேள்வி மாமா. பாசெலில் சிந்து ரேலியையே வளர விடவில்லை. எதிரி கால் ஊன்றும் முன்பே அடித்தார். கிளாஸ்கோவில் அதே அடிகள் திரும்பி வந்தன, அவரும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பாணி பொருந்தாத இடத்தில் ஆடுகிறவர் தன் பாணியை மாற்றினால் கணக்கும் மாறும். மாற்ற முடியாதவர்கள்தான் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பத் தோற்பார்கள்.

சித்தி: எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நாளைக்கு யாரோடு?

நான்: இந்தோனேசியாவின் புத்ரி குசுமா வர்தானி. ஜெயித்தால் பதக்கம் உறுதி. உலகப் போட்டியில் சிந்துவுக்கு ஆறாவது பதக்கம்.

பெரியப்பா: இரண்டாவது ரேங்க்கையே வென்றாகிவிட்டது. நாளைக்குக் கவலை இல்லை.

அக்கா: எனக்கு நாளைக்குத்தான் கவலை. நாடுகள் அணியாக மோதும் சுதிர்மான் கோப்பையில் இதே வருடம் சிந்து புத்ரியிடம் தோற்றார்.

வெள்ளி, 29.8.2025

நான்: 14-21, 21-13, 16-21. போய்விட்டது.

சித்தி: இரண்டாவது கேமில் எவ்வளவு நன்றாகத் திரும்பி வந்தாள்! மனசே ஆறவில்லை.

பெரியப்பா: இதை எப்படி விளக்குவது? நேற்று இரண்டாவது ரேங்க்கை வென்றவர், இன்று அதைவிடக் கீழே இருக்கிறவரிடம் தோற்றிருக்கிறார்.

அக்கா: விளக்கம் நேற்றே இருந்தது பெரியப்பா. புத்ரி அவசரப்படவே மாட்டார். அடித்தால் எடுப்பார், நெட்டருகே மெதுவாக விழும்படி டிராப் போட்டால் முன்னால் வந்து திரும்பவும் பின்னால் தூக்கிவிடுவார். சிந்து ஒரே புள்ளிக்கு மூன்று முறை ஸ்மாஷ் அடிக்க வேண்டியிருந்தது. நேற்று ஒரு முறை போதுமாக இருந்தது.

மாமா: இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கேமுக்கும் கோர்ட்டில் பக்கம் மாறுகிறார்கள், மூன்றாவது கேமில் 11 புள்ளி வந்ததும் திரும்பவும் மாறுகிறார்கள். பெரிய அரங்கில் ஏசிக் காற்று ஒரு பக்கம் தள்ளும். காற்றோடு அடிப்பவர் கையை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷட்டில் கோட்டைத் தாண்டிவிடும். எதிர்த்து அடிப்பவர் துணிந்து அடிக்கலாம். அடித்து ஆடுகிறவரை இது பாதிக்கிற அளவுக்குப் பொறுமையாக ஆடுகிறவரைப் பாதிக்காது. ஒரு கேம் இவருக்கு, ஒரு கேம் அவருக்கு என்று ஸ்கோர் ஆடுகிறபோதெல்லாம் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

சித்தி: முப்பது வயதில் முந்தின நாள் அப்படி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாளும் வந்து நிற்க வேண்டும். அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

அக்கா: சொல்ல வேண்டியதுதான் சித்தி. அதிர்ச்சி வெற்றி பெறுகிறவர் அடுத்த சுற்றிலேயே தோற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். உடம்பை விடுங்கள், மனசில் இருந்ததையெல்லாம் அந்த ஒரு ஆட்டத்தில் கொட்டிவிடுவார்கள்.

நான்: சிங்கப்பூரின் லோ கீன் யூ மட்டும் விதிவிலக்கு. 2021, வெல்வா உலகப் போட்டி. சீடு, அதாவது தரவரிசைப்படி தரும் முன்னுரிமை இடம், இல்லாமல் வந்து, முதல் சுற்றிலேயே ஒலிம்பிக் சாம்பியன் ஆக்செல்சனை 14-21, 21-9, 21-6 என்று வீழ்த்தி, இறுதியில் ஸ்ரீகாந்தையும் வென்று பட்டத்தையே எடுத்துக்கொண்டு போனார்.

பெரியப்பா: அதுவாவது அதிர்ச்சிதானே? அதையும் பாணி என்று சொல்லிவிடாதே.

அக்கா: சொல்லத்தான் போகிறேன் பெரியப்பா. அந்தப் போட்டிக்குச் சில மாதம் முன்பு துபாயில் ஆக்செல்சனோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர் அவர். நம் லக்ஷயா சென்னும் அங்கே இருந்தார். தினமும் அந்த ஸ்மாஷை எடுத்துப் பழகியவருக்கு ஆக்செல்சன் புதிரே இல்லை. அடுத்த மார்ச்சில் ஜெர்மன் ஓபன் அரையிறுதியில் லக்ஷயாவும் அவரை வென்றார், மறுநாள் இறுதியில் தாய்லாந்தின் குன்லவுத்திடம் தோற்றார்.

மாமா: அடுத்த வாரமே ஆல் இங்கிலாந்து இறுதியில் ஆக்செல்சன் அதே லக்ஷயாவை 21-10, 21-15 என்று துடைத்துப் போட்டதையும் சேர்த்துச் சொல். கூடப் பழகினால் இருவரும்தான் கற்றுக்கொள்வார்கள்.

அக்கா: அதையும் ஏற்றுக்கொள்கிறேன் மாமா. அதனால்தான் நேருக்கு நேர் கணக்கில் பழைய எண்ணைவிடக் கடைசி இரண்டு ஆட்டத்தை நான் அதிகம் பார்ப்பேன்.

பெரியப்பா: லக்ஷயா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை முதல் சுற்றிலேயே சீனாவின் ஷி யூச்சியிடம் மாட்டிக்கொண்டு 17-21, 19-21. ரேங்க் இறங்கிப் பதினாறு சீடுகளுக்குள் வராமல் போனதால்தானே முதல் சீடே எதிரில் வந்து நின்றார்? தரவரிசை ஒன்றுமில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அது பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அக்கா: இது சரியான பேச்சு பெரியப்பா. யாரோடு யார் ஆடுவது என்ற டிரா விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

சனி, 30.8.2025

மாமா: எல்லோரும் எழுந்துவிட்டீர்களா? ஆண்கள் இரட்டையரில் நம் சாத்விக்–சிராக் அரையிறுதிக்குப் போய்விட்டார்கள்! ஆரோன் சியா–சோ வூய் யிக்கை 21-12, 21-19!

சித்தி: அவர்களையா? போன வருடம் ஒலிம்பிக்கில் நம்மை அழ வைத்த ஜோடிதானே?

மாமா: அவர்களேதான், அதே அரங்கில்தான். போன வருடம் காலிறுதியில் முதல் கேமை 21-13 என்று எடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் கொடுத்தார்கள். 2022 உலகப் போட்டி அரையிறுதியிலும் இதே மலேசிய ஜோடியிடம் இதே மாதிரி மூன்று கேமில் தோல்வி. அதனால் நேற்று 21-12 என்று முதல் கேம் முடிந்தபோதும் எனக்கு நிம்மதி வரவில்லை. 21-19 என்று முடிந்த பிறகுதான் வந்தது.

நான்: இந்த முறை என்ன மாறியது மாமா?

மாமா: சர்வீஸும் அதற்கு அடுத்த இரண்டு ஷாட்டும்தான். இரட்டையரில் பாதிப் புள்ளி அங்கேயே தீர்மானமாகிவிடும். சாத்விக் எவ்வளவு வேகமாக ஸ்மாஷ் அடித்தாலும், தூக்கிக் கொடுத்தால்தானே அடிக்க முடியும்? மலேசியர்கள் தூக்கவே மாட்டார்கள், தட்டையாக டிரைவ் அடித்து நடுவில் திணிப்பார்கள். முன்பெல்லாம் நம்மவர்கள் அந்த டிரைவ் சண்டையில் பின்வாங்குவார்கள். நேற்று சிராக் நெட்டைவிட்டு நகரவில்லை. தட்டையாக வந்ததை அங்கேயே வெட்டினார். வேறு வழி இல்லாமல் அவர்கள் தூக்கினார்கள், பின்னால் சாத்விக் காத்திருந்தார்.

அக்கா: இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. ஆட்களும் அரங்கும் போன வருடம் இருந்தவைதான், மாறியது மூன்றாவது ஷாட்.

பெரியப்பா: இரவு அரையிறுதி. எப்படியும் வெண்கலம் நிச்சயம், பாட்மிண்டனில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் உலகப் போட்டியில் கிடையாது.

நான்: இன்னொரு செய்தி. ஆன் சே யங் தோற்றுவிட்டார்! அரையிறுதியில் சீனாவின் சென் யூஃபெய் 21-15, 21-17 என்று வென்றார்.

பெரியப்பா: என்னது! நடப்பு சாம்பியன், ஒலிம்பிக் தங்கம், முதல் ரேங்க். அவரா?

அக்கா: இந்த வருடம் ஆன் சே யங்கை முதலில் தோற்கடித்ததே சென்தான் பெரியப்பா, மே மாதம் சிங்கப்பூரில். 2021 டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியிலும் சென்தான் வென்றார். மற்றவர்கள் ஆனின் பொறுமை முன்னால் பத்தாவது ஷாட்டிலேயே துணிந்து அடித்து வெளியே போட்டுவிடுவார்கள். சென்னுக்கு அந்தப் பதற்றம் கிடையாது. ஆன் காத்திருந்தால் இவரும் காத்திருப்பார்.

சித்தி: சிந்துவுக்கும் யாராவது இதைச் சொல்லிக் கொடுங்களேன்.

அக்கா: அவருக்குத் தெரியாமல் இருக்காது சித்தி. பதினைந்து வருடமாக அடித்தே வென்ற கையை அடக்கி வைப்பதுதான் கஷ்டம். அடக்கினால் அவருடைய பலமும் போய்விடும். நான் அவர் இடத்தில் இருந்தால் பாசெலில் செய்ததைத்தான் திரும்பவும் செய்வேன்.

மாமா: சாத்விக்–சிராக் 19-21, 21-18, 12-21. சீன ஜோடி சென் போயாங்–லியு யி இறுதிக்குப் போகிறார்கள். கடைசி கேமில் கால் வரவில்லை நம்மவர்களுக்கு.

சித்தி: இரண்டு உலக வெண்கலம் ஆகிவிட்டது அந்தப் பிள்ளைகளுக்கு. எனக்குப் பெருமைதான்.

ஞாயிறு, 31.8.2025

நான்: ஜப்பானின் யமகுச்சி சாம்பியன், மூன்றாவது முறை. சென் யூஃபெய்யை 21-9, 21-13.

பெரியப்பா: பார்த்தாயா பாப்பா? ஆன் சே யங்கை வென்றவர் இப்படித் தோற்றிருக்கிறார். சிந்து வாங்கை வென்றாள், புத்ரி சிந்துவை வென்றாள். இந்த விளையாட்டில் அ-வை ஆ வென்றால், ஆ-வை இ வெல்கிறார். இதில் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது?

அக்கா: ஒரு வாரத்துக்கு மட்டும்தான் சொல்ல முடியும் பெரியப்பா. ஆண்கள் இறுதியைப் பார்க்கிறீர்களா? ஷி யூச்சி – குன்லவுத். போன வருடம் இதே அரங்கில் ஒலிம்பிக் காலிறுதியில் குன்லவுத் 21-12, 21-10 என்று ஷியை அனுப்பி வைத்தார்.

பெரியப்பா: ஆகவே உன் கணக்குப்படி குன்லவுத். நான் முதல் சீடு ஷி யூச்சி பக்கம்.

மாமா: முதல் கேம் குன்லவுத் 21-19. ஷி அவசரப்படுகிறார்.

நான்: இரண்டாவது 21-10 ஷி!

அக்கா: பாருங்கள், இப்போது ஷி நேராக அடிப்பதை விட்டுவிட்டார். டிராப் போட்டு முன்னால் இழுத்துவிட்டுப் பிறகுதான் அடிக்கிறார். குன்லவுத்துக்கு ஸ்மாஷை எடுப்பது பிடிக்கும், முன்னாலும் பின்னாலும் ஓடிவிட்டு எடுப்பது யாருக்கும் பிடிக்காது.

நான்: 21-18! ஷி யூச்சி உலக சாம்பியன்!

பெரியப்பா: முதல் சீடு ஜெயித்துவிட்டது. நான் சொன்னேன் இல்லையா?

அக்கா: சொன்னீர்கள் பெரியப்பா. ஆனால் முதல் கேமில் ஆடிய மாதிரியே கடைசிவரை ஆடியிருந்தால் அந்த முதல் சீடு இன்று தோற்றிருக்கும். இரண்டாவது கேமின் தொடக்கத்தை நாளைக்கு எல்லோரும் இன்னொரு முறை பாருங்கள், பிறகு பேசலாம்.

சித்தி: நான் சிந்துவின் வியாழக்கிழமை ஆட்டத்தைத்தான் பார்ப்பேன்.