பாலிஷர் ஓட்டிய பின் கறுப்பு பானெட்டில் மங்கல்: தவறு ஃபோம் பேடிலா, காம்பவுண்டிலா?

வேலந்தாவளம் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒன்பது ஆண்டுகள் ஓடிய கறுப்பு நிற செடான் கார் ஒன்று உள்ளது. எங்கள் வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால், கழுவி முடித்த ஒவ்வொரு முறையும் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டுகள் நின்றுவிடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று கொண்டுவந்து கொட்டும் புழுதியை, காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்தே சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்களையும் நானே உண்டாக்கிவிட்டேன்.

சென்ற மாதம், பேடைச் சுழற்றியபடியே அதிரவும் வைக்கும், 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒன்றும், கரடானதிலிருந்து மென்மையானது வரை கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என மூன்று ஃபோம் பேடுகளும் வாங்கினேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் வைத்து வேலையைத் தொடங்கி, கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையான காம்பவுண்டை இட்டு, கட்டிங் பேடு ஒன்றிலேயே பானெட்டையும் முன்பக்க ஃபெண்டர்கள் இரண்டையும் முடித்தேன். கூரைக்குப் போனபோது, வெல்க்ரோவை விட்டு ஃபோம் நடுவில் பிரிந்து பேடு கோணலாக ஆடத் தொடங்கியதால் நிறுத்திவிட்டேன். கீறல்கள் பெருமளவு மறைந்தன என்பது உண்மை. ஆனால் மறுநாள் இளவெயிலில் பார்த்தால், கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டது போல் பானெட் முழுவதும் மங்கலாக இருக்கிறது. இது பேடின் தரக்குறைவா, காம்பவுண்டின் கோளாறா? மீண்டும் கட்டிங் பேடே ஓட்டலாமா?

கஞ்சிக்கோடு டீடெயிலிங் எழுதியது:

வணக்கம். மீண்டும் கட்டிங் பேடு ஓட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காண்பது புதிய சேதமன்று; கட்டிங் ஃபோமும் காம்பவுண்டும் சேர்ந்து விட்டுச்சென்ற மிக நுண்ணிய கீறல்களின் கூட்டமே அது. வெள்ளைக் காரில் கண்ணுக்கே தெரியாத இந்த மங்கல், கறுப்பில் முழுமையாகக் காட்டிக்கொடுத்துவிடும். பாலிஷிங் பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு ஒரு சுற்று, தேவைப்பட்டால் ஃபினிஷிங் பேடில் இன்னொரு சுற்று ஓட்டினால் அது விலகும்.

ஆனால் பேடு ஏன் பிய்ந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இருக்கிறது. ஃபோம் தன்னுள் சூட்டை அடக்கிவைத்துக்கொள்ளும் பொருள். மூன்று பேனல்களுக்கு ஒரே பேடைப் பயன்படுத்தும்போது, காம்பவுண்டும் உரிந்த பெயிண்ட் துகள்களும் அதன் துளைகளை அடைத்து, அது ஈரச் சாக்குப் போல் கனத்துவிடுகிறது. கனத்த பேடு சரியாகச் சுழலாது. சுழலாமல் அதிர மட்டும் செய்யும்போது சூடு நடுவில் சேர்ந்து, வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடுகிறது. அடைபட்ட அந்தத் துகள்களே பானெட்டைத் தேய்த்து மங்கலையும் கூட்டியிருக்கின்றன. ஆகவே பேடின் தரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெஷினில் பேடு ஒட்டும் வட்டத் தட்டான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பானெட்டின் வளைவில் பேடின் ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் கோடு நின்றுவிடும்; அப்போது பேடைத் தட்டையாக வையுங்கள், அழுத்தத்தையும் குறையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி அளவிலான இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டுகள் இட்டு, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும், ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடுமாறு மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடம் முடிந்ததும் நைலான் பிரஷால் பேடைச் சுரண்டித் தட்டுங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை மாற்றுங்கள். முழுக் காருக்கும் கட்டிங் பேடே நான்கைந்து தேவைப்படும் என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. நிறத்தை வைத்தும் ஏமாற வேண்டாம். ஒரு கம்பெனியில் ஆரஞ்சு கட்டிங் பேடாக இருந்தால், இன்னொன்றில் அதே நிறம் வேறு வேலைக்கானதாக இருக்கும்.

வெயிலில் சுட்ட பானெட்டில் காம்பவுண்ட் வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும் என்பதால், காலை ஏழு மணிக்குள் நிழலில் தொடங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை பெயிண்டர் எழுதியது:

தம்பி, முப்பது வருடங்களாக ஸ்ப்ரே கன் பிடிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேலே எழுதியவர் பேடைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான்; ஆனால் பேடுக்குக் கீழே இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. கம்பெனி பெயிண்ட் மொத்தமாகச் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். செய்தித்தாளின் ஒரு தாளைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தக் கோட்தான். நீங்கள் எடுத்த அளவு எடுத்ததுதான். எந்த வேக்ஸ் போட்டாலும் அது திரும்பி வராது. மிகவும் மெலிந்துபோனால் ஓரிரு வருடங்களில் செதில் செதிலாக உரியும். அப்படி உரிந்த கூரைகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன.

ஒன்பது வருட வண்டி என்கிறீர்கள். நடுவில் பானெட் ரீபெயிண்ட் ஆகியிருக்கிறதா என்று பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரால் அளந்த பிறகு மெஷினை எடுங்கள். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவின் விளிம்புகளிலும் பெயிண்ட் தடிமன் பொதுவாகக் குறைவு. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளிலும் ஒட்டுங்கள், இல்லையென்றால் காம்பவுண்ட் காய்ந்து வெள்ளையாக நின்றுவிடும்.

உப்புத் திட்டுகளை மெஷினால் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். வினிகரும் நல்ல தண்ணீரும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த துணியைத் திட்டின் மேல் இரண்டு மூன்று நிமிடங்கள் போட்டுவைத்துக் கழுவினால், மேலே படிந்த உப்பு கரைந்துவிடும். அதற்குப் பிறகும் வட்டம் தெரிந்தால் அது கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று பொருள். அதற்கு மட்டும்தான் பாலிஷ்.

வேலந்தாவளம் வாசகர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஆறரை மணிக்கு ஷெட்டுக்குள் வைத்துத் தொடங்கினேன். பெயிண்டர் ஐயா சொன்னபடி மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்ததில், கூரையில் 118 மைக்ரானும் பானெட்டில் 240 மைக்ரானுக்கு மேலும் காட்டியது. நான் இரண்டாவது கையாக வாங்கிய வண்டி இது. பானெட் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்பது இத்தனை வருடங்கள் கழித்து இன்றுதான் தெரிந்தது.

கழுவி, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே பார் தேய்த்து, முதலில் ஓரடிக்கு ஓரடி இடத்தில் மட்டும் பாலிஷிங் பேடை ஓட்டிப் பார்த்தேன். ஒட்டியிருந்த எண்ணெய்ப்பசை கீறலை மறைத்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். மங்கல் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் துல்லியமாகக் காணாமல் போயிருந்தது. சுற்றிலும் புகை போன்ற மங்கல், நடுவில் தென்னை ஓலையின் ஒவ்வொரு கீற்றின் பிம்பமும் தனித்தனியாகத் தெரிந்தது. மார்க்கர் கோடு எத்தனை முறை நின்றது என்பதைப் பார்த்த பிறகுதான், சென்ற முறை நான் எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்பது புரிந்தது. பானெட்டை முடிக்க இரண்டு பேடுகள் ஆயின. இரண்டையும் சோப்புத் தண்ணீரில் கசக்கி, வெல்க்ரோ மேலே இருக்குமாறு நிழலில் காயவைத்திருக்கிறேன்.

கூரையில் வினிகருக்கும் பாலிஷிங் பேடுக்கும் அசையாத வட்டங்கள் இரண்டு இருக்கின்றன. அங்கே 118 மைக்ரான்தான் என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிட முடிவு செய்திருக்கிறேன். கதவுகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் கூடுதலாக மூன்று பேடுகள் வாங்க வேண்டும்.