600,000 தாண்டினால் வன்தட்டு செத்துவிடுமா?

கொட்டாஞ்சேனையான்:
"லினக்ஸ் இயங்குதளம் மடிக்கணினியின் வன்தட்டைக் கொல்கிறது, 600,000இல் கதை முடியும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 600,000 என்பது வன்தட்டின் தலை, அதாவது தகவலைப் படித்து எழுதும் பாகம், அவ்வளவு தடவை ஒதுங்கித் திரும்பினாலும் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. சாவு நாள் அல்ல. என்னுடையது 740,000 தாண்டியும் ஓடுகிறது.

வெள்ளவத்தை வாசி:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லவும் மனமில்லையா? என் வன்தட்டு 612,000இல் போனது. தங்கையின் கல்யாணப் படங்கள் முழுவதும் அதோடு போயின. மின்வெட்டில் மின்விசிறி நின்ற இரவுகளில் அந்த 'டிக்' சத்தத்தை எண்ணியிருக்கிறேன். நிமிடத்துக்கு இரண்டு. மணிக்கு 120. 5,000 மணி நேரத்தில் 600,000. நாளுக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்தால் மூன்று வருடம்கூடத் தாங்காது.

கொட்டாஞ்சேனையான்:
பெருக்கல் சரி, பழி தவறு. அந்த 'டிக்', வன்தட்டின் தலை தட்டைவிட்டு ஒதுங்கும் சத்தம். ஒதுக்குவது லினக்ஸ் அல்ல, வன்தட்டுக்குள் இருக்கும் நிரல். மின்கலத்தில் ஓடும்போது மின்சேமிப்பு மட்டத்தின் எண் இறங்கியிருந்தால் (எண் குறையக் குறையச் சேமிப்பு கூடும்) சில நொடி ஓய்விலேயே தலையை ஒதுக்கிவிடும். அடுத்த நொடி ஏதாவது எழுத வேண்டிவரும், தலை திரும்பவும் வரும். 2007இலேயே உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் இதற்காகச் சண்டை பிடித்தார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது மின்கலத்தில்தானே ஓட்டினீர்? வன்தட்டின் அமைப்பை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் அந்த மட்டத்தை 254 என்று கொடுத்திருந்தால் 'டிக்' அடங்கியிருக்கும்.

தெமட்டகொடை மாணவி:
அண்ணா, நீங்கள் இருவரும் பார்ப்பது ஒரே எண்ணையா? வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 193ஆம் எண் வரிதான் தலை ஒதுங்கிய கணக்கு. 4ஆம் எண் வரி, தட்டு சுழலத் தொடங்கி நின்ற கணக்கு.

வத்தளை ராசா:
254 போடச் சொல்வது சுலபம். போன வருடம் இவர் பேச்சைக் கேட்டுப் போட்டேன். தூக்கநிலையிலிருந்து எழுப்பியதும் பழைய மட்டத்துக்கே போய்விட்டது. அதை இவர் அன்று சொல்லவில்லை. கொழும்பு வெக்கையில் வன்தட்டு கூடுதலாகச் சுட்டதுதான் மிச்சம். நிலைவட்டைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர்கள் ஆலோசனை சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனையான்:
எழுப்பிய பிறகு கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும் என்று அன்றே எழுதினேன். நீர் வாசிக்கவில்லை. அது என்ன நிலைவட்டு? நம் பாடநூலில் வன்தட்டு என்றுதான் இருக்கிறது.

வத்தளை ராசா:
தமிழ்நாட்டில் நிலைவட்டு என்கிறார்கள். சொல்லுக்கும் உம்மிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வெள்ளவத்தை வாசி:
சொல்லை விடுங்கள். 600,000 என்று விபரத்தாளில் அச்சிட்டிருக்கிறார்களா இல்லையா? 612,000இல் போனதா இல்லையா?

கொட்டாஞ்சேனையான்:
போனதற்குக் காரணம் அந்த எண் என்று யார் சொன்னது? பம்பலப்பிட்டியில் பழுது பார்த்த கடைக்காரரா? அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நீரே போன மாதம் எழுதினீர். திரும்பவும் சொல்கிறேன், 600,000 எல்லைக்கோடு அல்ல. என்னுடையது 740,000.

தெமட்டகொடை மாணவி:
அது 193ஆம் எண் வரியா, அண்ணா?

வெள்ளவத்தை வாசி:
740,000 என்று வாயால் சொன்னால் போதாது. படம் பிடித்துப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
முதலில் உம்முடைய 612,000ஐப் போடும்.

வெள்ளவத்தை வாசி:
செத்த வன்தட்டிலிருந்து எப்படி எடுத்துப் போடுவது?