தைப்பூசத்துக்குப் பிறகு கொடிமலையில் காட்டுப்பூ: எந்த நாள், எந்த வழி?

ரவாங்வாசி:
வணக்கம். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ பினாங்குக் கொடிமலைக்கு வரலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, நன்றாக நடப்பார், செங்குத்து ஏற்றம்தான் ஆகாது. பையனுக்கு ஒன்பது வயது. காட்டுப்பூ பார்க்க வேண்டும், முக்கியமாகப் புறா ஆர்க்கிட். எந்த வாரம் வந்தால் கிடைக்கும்? தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறுவதா, ஆயர் ஈத்தாமில் மலை ரயில் பிடிப்பதா? குரங்கு, பாம்புக்கு என்ன முன்னேற்பாடு?

மழைக்கணக்கன்:
வாரம் குறித்து வந்தால் ஏமாறுவீர்கள். புறா ஆர்க்கிட்டுக்குக் கணக்கு மழையிலிருந்துதான். அதன் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். சூடான நாளில் திடீரென்று பெருமழை கொட்டி, வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி மளமளவென்று இறங்கினால்தான் மறுபடி வளரத் தொடங்கும். ஒன்பதாம் நாள் விடியலில் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூக்கும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

ஜனவரி, பிப்ரவரி இங்கே வறண்ட மாதங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கும். அந்த முதல் சில மழைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. மழை பெய்த நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். சனிக்கிழமை பெய்தால் பூ ஒன்பதாம் நாளான திங்களன்று, நீங்கள் வேலையில் இருப்பீர்கள். வியாழனோ வெள்ளியோ பெய்தால்தான் வார இறுதிக்குத் தோதாக வரும்.

பலர் தவறவிடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, தூறலை மழை என்று எண்ணிவிடுவது. காற்று குளிராமல் நாள் முழுக்கத் தூறினாலும் மொட்டு அசையாது. இன்னொன்று, ஆயர் ஈத்தாமில் கொட்டும்போது ஜார்ஜ்டவுனில் தரை காய்ந்தே கிடக்கும். அதனால் எந்த இடத்தில் பெய்தது என்பதை வானிலை இலாகாவின் ரேடார் படத்தில் பார்த்து, அந்த இடத்துக்கே போங்கள்.

இந்தப் பூவுக்காக மலை ஏறவே வேண்டாம். பட்டணத்துச் சாலையோரத்துப் பழைய தூங்குமூஞ்சி மரம், அங்சானா மரம், அவற்றின் கிளைக் கவட்டையைப் பாருங்கள். கொத்தாகத் தண்டுகள், அடிப்பக்கம் பருத்து மஞ்சளோடி, நுனி இலையில்லாமல் கம்பிபோல் நீண்டிருக்கும். பூ வருவது அந்த நுனியில்தான். வெள்ளை இதழ், உதட்டில் மஞ்சள் தீற்றல், காலையில் நல்ல வாசம். பூக்காத நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத செடி.

ஜீப்பாதை:
அம்மாவோடு வருகிறீர்கள் என்றால் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் பாதையை விட்டுவிடுங்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தார் போட்டதுதான், ஆனால் சரிவு விடாது. ஏறுவதைவிட இறங்குவது மோசம்: முழங்காலும் கால் நகமும் போய்விடும். மூன்கேட் என்ற இன்னொரு பாதை காட்டுக்குள் போவது, பூவுக்கு நல்லது, படிக்கட்டும் வேரும் அதிகம். பையனோடு நீங்கள் மட்டும் அதில் ஏறி, மேலே அம்மாவைச் சந்தித்து, மூவரும் ரயிலில் இறங்கலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

அம்மாவுக்கு: ரயிலில் மேலே போய், தி ஹாபிடட் நடைபாதை. கட்டணம் உண்டு, 1.6 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அல்லது மேல் நிலையத்திலிருந்து மேற்குப் பக்கம் போகும் சாலையில் மெதுவாக நடக்கலாம்.

பார்வையை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். வெயில் படும் மண்சரிவில் மூங்கில் ஆர்க்கிட், செண்டுடுக் என்ற ஊதாப்பூப் புதர். நிழலான ஈரப் பள்ளத்தில் வௌவால் பூ: கருஊதாப் பூக்கள், மேலே இரண்டு வெளிறிய மடல், கீழே மீசை மாதிரி நீண்ட இழைகள். இஞ்சிக் குடும்பச் செடிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். லக்சா நூடுல்ஸில் போடும் இஞ்சிப்பூவான புங்கா கந்தானின் காட்டு உறவுகள் பலவற்றில் இலைத்தண்டு ஆள் உயரம் இருக்கும், பூ மட்டும் தரையை ஒட்டிச் சருகுக்கு நடுவே சிவப்பாக எட்டிப் பார்க்கும். குனிந்து சருகை விலக்காமல் பாருங்கள், விலக்கினால் எறும்பு கடிக்கும், சில சமயம் எறும்பைவிடப் பெரியதும்.

மேட்டில் பூச்சி தின்னும் குடுவைச் செடியில் தொங்கும் குடுவைகளைப் பூ என்று படம் போடுவோர் இருக்கிறார்கள். அது இலை நுனி. வாய்க்குக் கீழே வெள்ளைப் பட்டை இருந்தால், கறையான் பிடிக்கும் இனம் அது. அந்த வெள்ளை மயிர்களைத் தின்ன வந்து, கறையான்கள் கூட்டமாக உள்ளே விழும்.

ரவாங்வாசி:
நன்றி அண்ணா. அப்படியானால் தேதி வைக்காமல் மழை பார்த்துக் கிளம்புகிறோம். குரங்கு, பாம்பு பற்றி யாராவது?

லோத்தோங்:
தம்பி, அங்கே இரண்டு குரங்கு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் மேலேயே இருக்கும், இலையும் பூவும் தின்னும், உங்களைச் சட்டை செய்யாது. குட்டி ஆரஞ்சு நிறம், பையனுக்குப் பிடிக்கும். அது தின்று சிந்தும் பூ பாதையில் கிடந்தால் நின்று மேலே பாருங்கள். கீழிருந்து தெரியாத உச்சிமரப் பூவைக் காட்டிக்கொடுப்பது அதுதான். 8x42 தொலைநோக்கி இருந்தால் போதும்.

தொல்லை கொடுப்பது நீள்வால் குரங்கு, பூங்கா வாசலிலேயே நிற்கும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டால் வரும். தாப்பாவ் (கட்டி வாங்கிய சாப்பாடு) எதையும் கையில் தொங்கவிடாதீர்கள், முதுகுப்பைக்குள் போடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், அதற்கு அது மிரட்டல். ஓடவும் வேண்டாம். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால்தான் கடி. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனை.

பாம்பில் கவனிக்க வேண்டியது பினாங்குப் பாம்புக் கோயிலில் பார்க்கும் அதே குழிவிரியன். தாழ்ந்த கிளையில் அசையாமல் நாள்கணக்கில் இருக்கும். பெண் பருத்து, கறுப்பு மஞ்சள் பட்டையோடு. ஆண் மெலிந்த பச்சை, இலைக்குள் தெரியவே தெரியாது. துரத்தி வராது. படம் எடுக்கும்போது சமநிலைக்காகக் கண்ணைப் பூவில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளையைப் பிடிப்பதுதான் ஆபத்து. கைபிடிக் கம்பியையும் பார்த்துத் தொடுங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, அந்தக் கையை ஆட்டாமல் வைத்து 999.

மழைக்குப் பிந்திய நாட்களில் அட்டை இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். ஏறிவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள்.

மழைக்கணக்கன்:
இன்னொன்று. செருப்பு வடிவ ஆர்க்கிட் கண்ணில் பட்டால், இலையில் திட்டுத்திட்டாகப் பச்சை, ஒரே ஒரு பூ, கைபேசியில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். இங்கேயும் இடத்தை எழுதாதீர்கள். திருடர்கள் படத்திலிருந்தே இடம் பிடிக்கிறார்கள். வனக் காப்பகத்தில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம், விழுந்து கிடக்கும் கிளையில் ஒட்டியிருந்தாலும்தான்.

ரவாங்கில் பெருமழை பெய்த நாளையும் குறித்து வையுங்கள், உங்கள் ஊர்ச் சாலை மரங்களிலும் புறா ஆர்க்கிட் உண்டு.