போஸ்ட்கிரே போட்டால் ஐந்து நிமிடத் தாமதம்தானா?

ராயபுரம்காரன்:
நேற்று போஸ்ட்ஃபிக்ஸ்தாசன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. போஸ்ட்கிரே தெரியாதவர்களுக்கு: புது ஆளின் மெயிலை முதல் தடவை "பிறகு வா" என்று திருப்பி அனுப்பி, மறுபடி வந்தால் உள்ளே விடும் ஸ்பாம் தடுப்பு புரோகிராம் அது. அவர் சொன்னது இதுதான்: "சின்ன ஆபீஸ் மெயில் சர்வருக்கு போஸ்ட்கிரே போதும். புது ஆளிடமிருந்து வரும் மெயில் 300 நொடி தாமதமாகும், அதாவது ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆனால் அனுப்பியவன் சர்வரில்தான் கோளாறு."

இந்த வரியை நம்பி லிங்கிச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸ் காசை இழந்திருக்கிறது. அந்த சர்வரை இப்போது நான்தான் பார்க்கிறேன். டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்க டவ்காட், முன்னால் போஸ்ட்கிரே. ஷிப்பிங் லைனிலிருந்து டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுப்பதற்கான அனுமதி) மெயில் மதியமே கிளம்பிவிட்டது. இங்கே வந்து சேர்ந்தபோது சாயங்காலம். கண்டெய்னரை அன்றைக்கு எடுக்க முடியவில்லை. இலவச நாளும் அன்றோடு முடிந்து டிடென்ஷன், அதாவது கண்டெய்னர் தாமதத்துக்கான கட்டணம், விழுந்தது.

சர்வர் குறித்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். ஒரே அனுப்புநர், ஒரே பெறுநர். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் வேறு வேறு ஐ.பி. (இணைய முகவரி) வரம்பிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் "கிரேலிஸ்ட், ரீசன் நியூ" என்று 450, அதாவது "இப்போது முடியாது, பிறகு வா", கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. முதலில் முயன்ற வரம்பிலிருந்தே மறுபடி வந்தபோதுதான் "பாஸ்". அந்த வரியில் டிலே என்ற இடத்தில் பதினோராயிரத்தைத் தாண்டிய எண். நொடிக் கணக்கு அது. மூன்று மணி நேரத்துக்கு மேல். ஐந்து நிமிடம் எங்கே போனது, சொல்லுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
தம்பி, என் பெயரைப் போட்டுக் கூப்பிட்டதற்கு நன்றி. மணலியிலும் மாதவரத்திலும் எத்தனை குடோன், எத்தனை ஃபேக்டரி ஆபீஸ் என் கையால் போட்ட சர்வரில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு வா. 300 என்பது நான் கண்டுபிடித்த எண் இல்லை. போஸ்ட்கிரே இயல்பிலேயே அப்படித்தான் வருகிறது. 300 நொடி என்றால் ஐந்து நிமிடம். இதில் என்ன விவாதம்? உன் ஷிப்பிங் லைன் ஒரே ஐ.பி.யிலிருந்து அனுப்பத் தெரியாமல் அலைந்தால் அது என் குற்றமா?

ராயபுரம்காரன்:
விவாதமே அங்கேதான் சார். 300 நொடி என்பது நம் பக்கம் கதவு மூடியிருக்கும் நேரம். மெயில் வந்து சேரும் நேரம் இல்லை. திரும்ப எப்போது முயல்வது என்பதை அனுப்பும் சர்வர்தான் முடிவு செய்கிறது. மெயில் அனுப்பும் முறைக்கு 2008இல் வந்த விதி ஆவணம் ஆர்.எஃப்.சி. 5321ஐ எடுத்துப் பாருங்கள். மறுமுயற்சிகளுக்கு நடுவே பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் இருக்கட்டும் என்கிறது. கைவிடுவதற்கு முன் குறைந்தது நாலைந்து நாள் முயலச் சொல்கிறது. அதாவது அந்த விதியை ஒழுங்காக மதிக்கிற சர்வரிடமிருந்துதான் உங்கள் "ஐந்து நிமிடம்" அரை மணி ஆகிறது. ஒழுங்காக நடப்பவனைக் கோளாறு என்கிறீர்கள்.

துறைமுக ஜீரோ கேட்டில் கண்டெய்னர் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு "அஞ்சு நிமிஷம் கழிச்சு வா" என்று சொன்னால், லாரி அஞ்சு நிமிஷத்தில் உள்ளே இருக்குமா? வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
லாரிக் கதை வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பும் பக்கத்தில் மினிமல் பேக்ஆஃப், அதாவது மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரம், எவ்வளவு தெரியுமா? 300 நொடி. அதே ஐந்து நிமிடம். இரண்டும் பொருந்துகிறது. 300 என்றால் ஐந்து நிமிடம்.

ராயபுரம்காரன்:
மினிமல் மட்டும் சொல்கிறீர்கள், மேக்சிமல் பேக்ஆஃப் 4000 நொடி என்பதை ஏன் விழுங்கினீர்கள்? முதல் மறுமுயற்சி கதவு திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் வந்தாலும் போச்சு, மறுபடி 450. அடுத்தது எப்போது என்பது அந்த மெயில் வரிசையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்து நீண்டுகொண்டே போகும். அதுவும் அனுப்புபவர் போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்தால். உலகமே போஸ்ட்ஃபிக்ஸ் இல்லை.

திருவொற்றியூர் தேவி:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். மெயில் தாமதமாக வருவது ஒன்று, வாசலிலேயே நிரந்தரமாக மறுக்கப்படுவது இன்னொன்று, வந்து ஸ்பாம் ஃபோல்டரில் விழுவது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது. எங்கள் ஆபீஸில் ஸ்கேன் செய்த பேக்கிங் லிஸ்ட் எட்டு எம்.பி. இருந்தால் வருவதே இல்லை, சின்ன ஃபைல் எல்லாம் உடனே வருகிறது. இதுவும் போஸ்ட்கிரேவா?

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
மேடம், உங்கள் விஷயம் அப்புறம். இங்கே 300 நொடி என்றால் எவ்வளவு என்று ஒருவருக்குக் கணக்கு வரவில்லை.

ராயபுரம்காரன்:
கணக்கு எனக்கு வரும் சார். கட்டின டிடென்ஷன் பில்லே இருக்கிறது, அதுவும் கணக்குதான். 2003இல் ஈவான் ஹாரிஸ் இந்த முறையை எழுதியபோது ஸ்பாம் அனுப்பும் புரோகிராம்கள் பெரும்பாலும் ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிவிடும். திரும்ப வருபவன்தான் நல்லவன் என்று வைத்துக்கொண்டார்கள், அன்றைக்கு அது சரி. இன்றைக்கு கூகுள், மைக்ரோசாஃப்ட் மாதிரி இடங்களிலிருந்து வரும் மெயில் எந்த ஐ.பி.யிலிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. போஸ்ட்கிரே ஐ.பி.யின் கடைசி எண்ணைக் கழித்துவிட்டு மீதி முகவரியை வைத்துத்தான் பார்க்கிறது, உண்மை. ஆனால் அடுத்த முயற்சி வேறு வரம்பிலிருந்து வந்தால் அதற்கு அது புது ஆள்தான். மறுபடி முதலிலிருந்து. ஒரு ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் செத்துவிடும். அதை அரை மணி கழித்து வாங்கி என்ன செய்வது?

மிண்ட் தெரு சர்வீஸ்:
ரெண்டு பேரும் தப்பான இடத்தில் தோண்டுறீங்க. ராயபுரம் தம்பி, அந்த சர்வரில் ரிசால்வர் (பெயரைக் கேட்டால் முகவரி தேடிச் சொல்வது) என்ன இருக்கிறது? கூகுளின் 8.8.8.8ஆ? ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ் லிஸ்ட்டைப் பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் பதிலுக்கு 127.255.255.254 என்று வரும். "உன் கேள்வி பொது ரிசால்வரிலிருந்து வருகிறது" என்பதற்கான பிழை எண் அது. போஸ்ட்ஃபிக்ஸில் எந்த விடைக்கு மறுக்கணும் என்று குறிப்பிடாமல் வெறுமனே லிஸ்ட் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அதையும் "இவன் ஸ்பாம்" என்று எடுத்துக்கொண்டு 554, அதாவது நிரந்தர மறுப்பு, கொடுத்துவிடும். ஒரு மெயில் உள்ளே வராது. சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு இதே கதை. மெஷினிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரைப் போட்டுக் கொடுத்தேன், அன்றே சரியாகிவிட்டது.

ராயபுரம்காரன்:
நல்ல விஷயம் அண்ணே, எல்லோரும் பார்த்து வைக்க வேண்டியது. ஆனால் என் லாகில் 554 இல்லை, 450. அங்கே அன்பவுண்ட் முதலிலிருந்தே ஓடுகிறது. 450 கொடுத்தது போஸ்ட்கிரே.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
பார்த்தாயா, மிண்ட் தெரு அண்ணனே சொல்கிறார் போஸ்ட்கிரே மேல் தப்பில்லை என்று.

மிண்ட் தெரு சர்வீஸ்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை சார். ரிசால்வரைப் பார் என்றேன்.

ஓஎம்ஆர் கிளவுட்:
இந்தக் காலத்தில் ஆபீஸில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பதே வேடிக்கை. மாதம் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டினால் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வடசென்னையில் மழை பெய்தால் கரண்டே இருக்காது, அதில் சர்வர் வேறு.

ராயபுரம்காரன்:
கரண்ட் பற்றி நீங்கள் சொல்ல வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் எப்படி இருந்தது என்று ஊருக்கே தெரியும். எங்கள் சர்வரும் நின்றது, உண்மை. கரண்ட் வந்து மெஷினைப் போட்டதும் அனுப்பியவர்களிடம் காத்திருந்த மெயில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. நாலைந்து நாள் முயலச் சொல்லும் அந்த விதி இருப்பதால்தான். 1989இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123லேயே யோசித்து எழுதி வைத்த வேலை அது. சொந்த சர்வர் வைப்பது எங்கள் விருப்பம். பழைய பில் ஆஃப் லேடிங், கஸ்டம்ஸ் கடிதம் எல்லாம் எங்கள் டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று முதலாளி நினைக்கிறார், அதில் தவறு என்ன?

ஓஎம்ஆர் கிளவுட்:
பள்ளிக்கரணையை ஏன் இழுக்கிறீர்கள்? நான் சர்வரைப் பற்றிச் சொன்னேன்.

ராயபுரம்காரன்:
நீங்கள் வடசென்னையை இழுத்தீர்கள், நான் பதில் சொன்னேன்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
அதே விதிதானே தம்பி? மெயில் தொலையாது என்று நீயே ஒப்புக்கொண்டாய். அப்புறம் போஸ்ட்கிரே மேல் என்ன கோபம்? உன் ஆபீஸுக்கு அவசரம் என்றால் அந்த ஷிப்பிங் லைனை வொயிட்லிஸ்டில், அதாவது நிறுத்தாமல் விடும் பட்டியலில், போடு. ஒரு வரி வேலை.

ராயபுரம்காரன்:
தொலையாது என்றேன், நேரத்துக்கு வரும் என்று சொல்லவில்லை. வொயிட்லிஸ்டில் போட, யார் மெயில் அனுப்பப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் தினமும் புது ஏற்றுமதியாளர், புது ஃபார்வர்டர், புது லைன். புது ஆளின் முதல் மெயில்தான் இந்தத் தொழிலில் முக்கியமான மெயில். உங்கள் போஸ்ட்கிரே மடக்கிப் பிடிப்பதும் அதைத்தான். ஐந்து தடவை வெற்றிகரமாக வந்த அனுப்பும் சர்வரை அதுவே தானாக விட்டுவிடும், சரி. அந்த ஐந்து வருவதற்குள் சரக்கு போயே போய்விடும்.

நான் அந்த ஆபீஸில் போஸ்ட்கிரேயை எடுத்துவிட்டு போஸ்ட்ஸ்கிரீன் போட்டிருக்கிறேன். 2.8 பதிப்பிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருக்கிறது. நம் சர்வர் வணக்கம் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பிப்பவனை ஆறு நொடி காத்திருந்து பிடித்துவிடுகிறது. பொறுமையாக நிற்பவன் உள்ளே வந்துவிடுகிறான், அவ்வளவுதான் தாமதம்.

மிண்ட் தெரு சர்வீஸ்:
அதில் ஆழமான சோதனைகளை ஆன் செய்துவிடாதே தம்பி. செய்தால் சோதனை முடிந்ததும் 450தான் கொடுக்கும், போஸ்ட்கிரே மாதிரியே.

ராயபுரம்காரன்:
ஆன் செய்யவில்லை அண்ணே. அதனால்தான் ஆறு நொடி என்றேன்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
நேற்று வந்தவன் எனக்கு போஸ்ட்ஸ்கிரீன் சொல்லித் தருகிறான். நான் போஸ்ட்ஃபிக்ஸுக்கு முந்தைய சென்ட்மெயில் காலத்து ஆள்.

ராயபுரம்காரன்:
அப்படியானால் பழையதையும் பேசிவிடுவோம். தண்டையார்பேட்டையில் அந்த பேரிங் கடைக்கு எம்.எக்ஸ். பதிவை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) ஒரு சி-நேம் பெயருக்கு (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப் பெயர்) காட்டிவிட்டுப் போனது யார்? 1997இலேயே ஆர்.எஃப்.சி. 2181 அப்படிச் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. போதாததற்கு இரண்டாவது எம்.எக்ஸ். ஒன்று வைத்து, அதில் போஸ்ட்கிரே போடாமல் விட்டிருந்தீர்கள். பெரிய எண் கொண்ட, அதாவது இரண்டாம் நிலை, எம்.எக்ஸ்.ஸைத்தான் ஸ்பாம்காரன் தேடிப் போவான். முன் வாசலில் நல்லவனை நிறுத்திவிட்டு, பின் வாசலில் ஸ்பாம்காரனை விட்டீர்கள். அதைச் சுத்தம் செய்ததும் நான்தான், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
அந்த சி-நேம் இருந்தும் மெயில் வந்ததா இல்லையா? வந்தது. கடைக்காரர் ஒரு நாள் கூட என்னிடம் குறை சொன்னதில்லை. வேலை செய்வதைத் தப்பு என்று சொல்லி என் கஸ்டமரை எடுத்துக்கொண்டாய், இப்போது இங்கே வந்து நியாயம் பேசுகிறாய்.

ராயபுரம்காரன்:
சிலரிடமிருந்து வந்தது, சிலரிடமிருந்து வரவில்லை. வராத மெயிலைப் பற்றிக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னிடம் வந்தது தானாக. நான் யாரையும் எடுக்கவில்லை.

திருவொற்றியூர் தேவி:
எட்டு எம்.பி. ஃபைல் பற்றி யாராவது சொல்வீர்களா?

மிண்ட் தெரு சர்வீஸ்:
சொல்றேன் மேடம். போஸ்ட்ஃபிக்ஸில் மெசேஜ் சைஸ் லிமிட் இயல்பாக 1,02,40,000 பைட். ஃபைல் மெயிலில் ஏறும்போது பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். எட்டு எம்.பி. பத்தைத் தாண்டிவிடும், 552 என்று மறுத்துவிடும். லிமிட்டைக் கூட்டச் சொல்லுங்க. மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்டையும் பார்த்துக்கணும், அது இதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

திருவொற்றியூர் தேவி:
நன்றி சார். எங்கள் சர்வரைப் பார்ப்பவரிடம் காட்டுகிறேன்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
அந்த லிமிட்டைக் கண்டபடி கூட்டினால் டிஸ்க் நிரம்பும். பின்னால் அழாதீர்கள். சரி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 300 நொடி ஐந்து நிமிடமா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை, ஒரே வார்த்தை.

ராயபுரம்காரன்:
நீங்கள் சொன்னது "300 நொடி தாமதம்". நான் மறுத்தது அந்தத் "தாமதம்" என்ற சொல்லை. உங்கள் மாதவரம் குடோன் சர்வரில் நேற்றைய மெயில் லாகைத் திறங்கள். "ரீசன் டிரிப்லெட் ஃபவுண்ட்" (அனுப்புநர், பெறுநர், ஐ.பி. மூன்றும் பொருந்தியது) என்று வரும் வரிகளில் டிலே எண்களை மட்டும் எடுத்து இங்கே போடுங்கள். ஐ.பி. வேண்டாம், பெயர் வேண்டாம், எண் போதும். எல்லாம் 300ஐ ஒட்டி இருந்தால் அப்புறம் பேசுவோம்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
என் கஸ்டமர் லாகை உனக்கு ஏன் காட்ட வேண்டும்? நீ யார்?

ராயபுரம்காரன்:
காட்ட மாட்டீர்கள் என்று தெரியும். நான் என் ஆபீஸ் எண்களை முதலாளியிடம் கேட்டுவிட்டு நாளை போடுகிறேன்.

போஸ்ட்ஃபிக்ஸ்தாசன்:
போடு, போடு. ஷிப்பிங் லைன் கோளாறுக்கு போஸ்ட்கிரேயைத் தூக்கில் போடு. 300 என்றால் ஐந்து நிமிடம்.