மாமாவின் புகாரும் ஒரு ஃபார்வர்டும்

பெரிய மாமா: எல்லோருக்கும் வணக்கம். நேற்றிரவு ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் நம் பிள்ளையாரை வைத்து அரை நிமிடம் கேலி செய்தார்கள். அரங்கமே சிரித்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்தப் பிரிட்டனில் யூதர்களைப் பற்றித் தவறாகப் பேசினால் சேனலுக்கு அபராதம் விழுகிறது, நம் சாமியைப் பழித்தால் மட்டும் அது கருத்துச் சுதந்திரமாகிவிடுகிறது. இது என்ன நியாயம்? காரணம் தெரிய வேண்டுமானால் கீழே உள்ள வீடியோவைப் பாருங்கள்.

பெரிய மாமா: (ஃபார்வர்ட் செய்யப்பட்ட வீடியோ)

மாமி: நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நான்: மாமா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு, நீங்கள் அனுப்பிய வீடியோ வேறு. கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் உண்டு. ஊடகம் முழுவதும் யூதர்கள் கையில் இருக்கிறது என்று சொல்லும் அந்த வீடியோ பொய்.

தம்பி: கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மாமா. இங்கே சட்டம் கடவுளைக் காப்பதில்லை. முன்பு இருந்த தெய்வ நிந்தனைச் சட்டம்கூடக் கிறிஸ்தவத்தை மட்டும்தான் காத்தது. முஸ்லிம்கள் அதன்கீழ் வழக்குத் தொடர முயன்றபோது, மற்ற மதங்களுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005 ஜனவரியில் இயேசுவைக் கேலியாகச் சித்தரித்த ஓர் இசை நாடகத்தை பிபிசி ஒளிபரப்பியது. பிபிசிக்கு 50,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தும், விதிமீறல் இல்லை என்றே ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் முடிவு செய்தது. அந்த நாடகத்துக்கு எதிரான தெய்வ நிந்தனை வழக்கையும் 2007-ல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு வருடமே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். பெரும்பான்மையினர் வணங்கும் இயேசுவுக்கே பாதுகாப்பு இல்லாதபோது, பிள்ளையாரை மட்டும் தனியாகக் குறிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

பெரிய மாமா: அப்படியானால் யூத மதத்துக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பு வந்தது?

தம்பி: மதத்துக்கு வரவில்லை மாமா, மக்களுக்கு வந்தது. யூதர்களை இங்கே மதமாக மட்டுமின்றி இனமாகவும் சட்டம் பார்க்கிறது. சீக்கியர்களையும் அப்படித்தான். பள்ளியில் தலைப்பாகை அணியக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சீக்கிய மாணவனின் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983-ல் அவர்களை ஓர் இனக்குழு என்று ஏற்றுக்கொண்டது. 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, இன வெறுப்பைத் தூண்டும் விதத்தில் மிரட்டினாலும் வசைபாடினாலும் இழிவுபடுத்தினாலும் குற்றமாகலாம். மத வெறுப்பு என்று வரும்போதோ, மிரட்டும் சொல்லும் வேண்டும், வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் வேண்டும். மதத்தைக் கேலி செய்யவும் திட்டவும் உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே காக்கிறது. மோசேயைக் கேலி செய்தாலும் யூதர்களின் உணவு விதிகளைக் கிண்டல் செய்தாலும் அது பிள்ளையார் கேலியைப் போலத்தான் பார்க்கப்படும்.

பெரிய மாமா: சரி, சட்டம் அப்படி இருக்கட்டும். அந்த வீடியோவில் என்ன பொய் என்று சொல்லம்மா.

நான்: அந்த வீடியோவின் கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, மாமா. உலகை ஆள யூதத் தலைவர்கள் ரகசியத் திட்டம் தீட்டியதாகச் சொல்லும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணம் ரஷ்யாவிலிருந்து பரவியது. 1920-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையே அது உண்மையாக இருக்குமோ என்று எழுதியது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையின் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் பழைய பிரெஞ்சு நூல் ஒன்றை அந்த ஆவணத்துடன் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி மோரிஸ் ஜோலி 1864-ல் எழுதிய நூல் அது. அதிலிருந்து பல பகுதிகளை அப்படியே எடுத்து யூதர்களின் வாயில் போட்டிருந்தார்கள். இவ்வளவு அம்பலமான பிறகும் அது சாகவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் காஃப்லின் என்ற பாதிரியார் 1938-ல் தன் பத்திரிகையில் அதை மீண்டும் வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் வாராவாரம் வானொலியில் கேட்ட குரல் அவருடையது. அந்த நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் உடைக்கப்பட்ட பத்தே நாளில், பழியை யூதர்கள் மீதே திருப்பும் விதமாக அவர் பேசினார். வானொலியில் அவர் வாயை அரசு அடைக்கவில்லை. நியூயார்க் நிலையம் ஒன்று அவர் பேச்சை ஒலிபரப்ப மறுத்தது. மறு வருடம் ஒலிபரப்பாளர்கள் தங்களுக்கென்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். 1940-ல் அவர் குரல் வானொலியிலிருந்து மறைந்தது. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒலிபரப்புக் கோபுரத்தைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

மாமி: அப்படியானால் காசாவில் சாகும் குழந்தைகளைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாதா? அதைப் பேசினாலே யூத வெறுப்பு என்கிறார்களே.

நான்: பேச வேண்டும் மாமி, உரக்கவே பேச வேண்டும். யூத வெறுப்புக்குப் பிரிட்டன் அரசு 2016-ல் ஏற்றுக்கொண்ட விளக்கத்திலேயே, மற்ற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பதை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்று எழுதியிருக்கிறது. பயந்துபோய் அந்தப் பேச்சையே தவிர்க்கும் தயாரிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன், அது கோழைத்தனம். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதை நான் என் வேலையிலேயே கற்றுக்கொண்டேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

நான்: முன்பு நான் வேலை பார்த்த வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நேரலை நிகழ்ச்சி ஒன்று உண்டு. நேரலை என்றாலும் சில நொடிகள் தாமதித்துத்தான் வெளியே போகும். யாராவது வரம்பு மீறினால் அந்தச் சில நொடிகளுக்குள் வெட்டிவிட ஒரு பட்டன் இருக்கும். அன்று அதன் மேல் இருந்தது என் விரல். ஒருவர் போரைப் பற்றிக் கோபமாகப் பேசினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதே மூச்சில், "அந்த இனமே அப்படித்தான், எந்த நாட்டுக்குப் போனாலும் இதைத்தான் செய்வார்கள்" என்றார். நான் அழுத்தவில்லை. அதற்கு முன் அவர் பேசியதெல்லாம் சரிதானே என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அந்த நொடிகள் போய்விட்டன. நிகழ்ச்சி நடத்தியவர், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போக்குவரத்துச் செய்திக்குத் தாவிவிட்டார்.

நான்: மறுநாள் நேயர் ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வயதான யூதப் பெண்மணி. திட்டவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவருக்கு எதற்காக நன்றி சொன்னீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

தம்பி: அக்கா, வெட்டியிருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா?

நான்: இல்லை என்றே இப்போது தோன்றுகிறது. வெட்டுவதைவிட, "அரசு செய்ததை ஏன் ஓர் இனத்தின் மேல் ஏற்றுகிறீர்கள்?" என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஆஃப்காமும் ஒரு சொல்லைத் தனியே பிய்த்தெடுத்துப் பார்ப்பதில்லை. எந்தச் சூழலில் சொன்னார்கள், யாராவது மறுத்தார்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. நாங்கள் மறுக்கவில்லை. அதனால்தான் மாமா, உங்கள் வீடியோவைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பி, நாங்கள் யாரும் மறுக்காமல் இருந்தால், இந்தக் குழுவிலும் அன்று நடந்ததுதான் நடக்கும்.

பெரிய மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரிய மாமா: வீடியோவை எடுத்துவிட்டேன். எனக்கு அனுப்பிய நண்பருக்கும், நீ டைம்ஸ் பத்திரிகை பற்றிச் சொன்னதை எழுதுகிறேன். ஆனால் பிள்ளையார் விஷயத்தில் நான் சமாதானம் ஆகவில்லை. குற்றமில்லை என்று சட்டம் சொல்வதால் அது நல்ல ரசனை ஆகிவிடாது.

நான்: அதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன் மாமா. ஒளிபரப்பு விதிகளில், மத நிகழ்ச்சிகளில் ஒரு நம்பிக்கையை இழிவாக நடத்தக் கூடாது என்பதற்கும், மற்ற நிகழ்ச்சிகள் மனதைப் புண்படுத்தினால் சூழல் அதை நியாயப்படுத்த வேண்டும் என்பதற்கும் இடம் இருக்கிறது. தீர்ப்பு நம் பக்கம் வராமல் போகலாம், ஆனால் ஒரு குடும்பம் எழுதியதைப் படித்துப் பரிசீலிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. பிபிசி என்றால் முதலில் பிபிசிக்கே எழுத வேண்டும். மற்றவை என்றால் ஒளிபரப்பான நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் ஆஃப்காமுக்கு அனுப்பலாம். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு ஒளிபரப்பானது, அந்தக் கேலி எந்த நிமிடத்தில் வந்தது?

மாமி: ஒன்பதரை மணி நிகழ்ச்சி. எந்த நிமிடம் என்று நினைவில்லை.

பெரிய மாமா: மறுபடி போட்டுப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். வாசகங்களை நீ எழுதிக் கொடு அம்மா, கையெழுத்து நான் போடுகிறேன்.