கொடைக்கு வில்லா, செயலியில் செய்த பாட்டா?

தோவாளை வாசி

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடை, அதாவது அம்மனுக்கு ஊர் எடுக்கிற விழா, வைகாசியில் வருகிறது. போன கமிட்டிக் கூட்டத்தில் இளைஞர் சிலர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். வரிகளைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி, சூனோ செயலியில் மெட்டும் குரலும் போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. நோட்டீசுக்கும் பிளெக்சுக்கும் அம்மன் படம்கூட ஏஐ வரைந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். "பாட்டுதான் இருக்கிறதே, வில்லுப்பாட்டுக்கு எதற்கு இவ்வளவு ரூபாய்? அந்தப் பணத்தில் செண்டை மேளத்துக்கு ஆள் கூட்டலாம்" என்று ஒருவர் சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள்.

வில் இல்லாமல் கொடை வேண்டாம் என்பது என் பக்கம். காலங்காலமாக நடக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வில்லடித்துக் கதை பாடுகிற அண்ணாவி காப்புப் பாடி, குருவை வணங்கி, நாட்டு வளம் சொல்லிக் கதைக்குள் இறங்கிவிட்டார் என்றால் அவர் கண் ஏட்டில் இருக்காது, சாமியாடுகிற கோமரத்தாடி மேல் இருக்கும். அருள் வருகிற அறிகுறி தெரிந்தால் கதையை முறுக்குவார். உடுக்கின் வேகம் கூடும், குடம் அதைப் பிடித்துக்கொள்ளும், வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் குலுங்கும். ஆள் இன்னும் அசையவில்லையா, அதே கட்டத்தை வேறு மெட்டில் மறுபடி எடுப்பார். முன்னால் இருக்கிற பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள் என்றால் அந்த இடத்திலேயே நின்று இன்னும் நாலு வரி பாடுவார். அந்த நாலு வரி ஏட்டில் இருக்காது. பென்டிரைவில் கிடக்கிற பாட்டு யாரைப் பார்த்து நீளும், யாருக்காகச் சுருங்கும்?

வடசேரி நிரலர்

அண்ணே, வில்லை நிறுத்தச் சொல்வது வேறு, இளைஞர்கள் பாட்டுச் செய்வதைக் குறை சொல்வது வேறு. முதலாவதில் உங்களோடு ஓரளவு ஒத்துப்போகிறேன், இரண்டாவதில் இல்லை.

வில்லுப்பாட்டு எப்போது மாறாமல் நின்றது? மைக் வந்தது, ஒலிபெருக்கி வந்தது, ஆர்மோனியம் வந்து உட்கார்ந்தது, சினிமா மெட்டில் கும்மி பாடினார்கள். இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. நம் பேச்சு நம் வீட்டுப் பெட்டியிலேயே கேட்டபோது யாரும் கலை செத்தது என்று அழவில்லை. கருவியைப் பார்த்துப் பயப்படுகிற ஊர் இல்லை இது.

கொடை இரவில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் கொஞ்சம் பேர், சாமியாடுகிறவர்களின் வீட்டார், அவ்வளவுதான். மற்றவர்கள் செண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் இதேபோல ஒரு பாட்டைச் செய்து வாட்ஸ்ஆப்பில் போட்டபோது துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பையன்கள் "இது என்ன கதை, யார் இந்த அம்மன்?" என்று கேட்டு எழுதினார்கள். இத்தனை வருட வில்லடியில் வராத கேள்வி அது.

மயிலாடி உளி

படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத் தான் நான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் கல் வேலை. இந்த மாதிரி ஏஐ படத்தைக் கொண்டுவந்து "இப்படியே செதுக்கிக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள் இப்போது வருகிறார்கள். இசக்கி என்று சொல்லி அவர்கள் காட்டுகிற படத்தில் ஓர் அம்மன் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். வெள்ளை வெளேரென்ற முகம், மூக்கில் வடநாட்டு வளையம். இசக்கிக்கு ஏது சிங்கம்? நம் பக்கத்து மண்சிலையில் அவள் கையில் பிள்ளை இருக்கும், சில கோயில்களில் வாயிலும் ஒரு பிள்ளை இருக்கும், காலடியில் ஓர் ஆள் கிடப்பான். பார்த்தால் பயம் வரும். வர வேண்டும். நகைக்காக வஞ்சகமாய்க் கொல்லப்பட்ட பெண் மறுபிறவி எடுத்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தேடி வந்து நியாயம் கேட்ட நீலி கதை அது. தோவாளை அண்ணே, உங்கள் ஊர்ப் பாட்டின் வரிகளையும் ஒருமுறை பாருங்கள். அதில் அசுரன் வருகிறானா?

தோவாளை வாசி

வருகிறான். "அசுரனை அழித்த ஆங்கார ரூபிணி" என்று பல்லவியிலேயே இருக்கிறது. நீலி இல்லை, கள்ளி இல்லை, கொலை செய்தவன் இல்லை.

வடசேரி நிரலர்

அது எதனால் வருகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத் திருத்தம் உண்டு. இந்த நிரல்கள் எதை அதிகம் படித்தனவோ அதன் பக்கமே சாயும். அம்மன் என்றால் இணையத்தில் கொட்டிக் கிடப்பது துர்க்கையும் காளியும் காலண்டர் படமும். நீலி கதையைப் பற்றித் தமிழில் ஏறியிருப்பது கொஞ்சம், நம் மாவட்டத்து மண்சிலைப் படங்கள் அதைவிடக் கொஞ்சம். பாட்டுச் செயலியும் அப்படியே. வில்லுப்பாட்டு என்று கேட்டால் சினிமாக் கிராமியப் பாட்டைக் கொடுக்கும், உச்சரிப்பு மதுரைப் பக்கமாக இருக்கும். பையன்கள் கதையைத் தாங்களே எழுதிக் கொடுத்திருந்தால் அசுரன் வந்திருக்க மாட்டான். குறை அவர்கள் கேட்ட விதத்தில் இருக்கிறது.

மயிலாடி உளி

கேட்கத் தெரிய வேண்டும் என்றால் கதை முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பையன்களுக்குக் கதை எங்கிருந்து வரும்? வில்லிலிருந்துதான். அதைத்தானே நிறுத்தப் போகிறார்கள்.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உளியும் சுத்தியலும் மட்டும் வைத்து வேலை செய்த காலத்தை வெளியே இருப்பவர்கள் அழகாகப் பேசுவார்கள். எங்கள் தாத்தாவின் தோளும் முட்டியும் எப்படி இருந்தன என்று எங்களுக்குத் தெரியும். இன்று கட்டர் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, கணினி சொல்கிறபடி குடைகிற இயந்திரமும் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் கிரைண்டர் கிளப்புகிற தூள் மிக நுண்மையானது, நேராக நுரையீரலுக்குப் போய்த் தங்கும். கல் தூளால் வருகிற சிலிக்கோசிஸ் குணமாகிற நோய் இல்லை. முகமூடியும், தண்ணீர் விட்டு அறுப்பதும் இல்லாத பட்டறைக்கு அந்த வேகம் எதற்கு? இயந்திரம் வந்தால் அதோடு என்னென்ன வருகிறது என்று வேலை செய்கிறவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். கடைசியில் கண் திறப்பு மட்டும் இன்றைக்கும் ஸ்தபதி கையால்தான். அதை இயந்திரத்துக்கு விட யாருக்கும் மனம் வரவில்லை.

ரப்பர் தோட்டத்து மகள்

நான் குலசேகரம் பக்கம். இந்த விவாதத்தைப் படித்ததிலிருந்து மனசு கனமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த நேரம். பெருமழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இதையெல்லாம் நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பாட்டாக எழுதி நோட்டில் வைத்திருக்கிறேன். எனக்குச் சுருதி நிற்காது. மெட்டுப் போட்டுத் தர ஆள் தேடினேன், கேட்ட தொகை எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. சரி, நோட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சூனோ வந்ததும் என் வரிகளை அதில் கொடுத்தேன். வரி என்னுடையது, ஒரு சொல்லையும் அதை மாற்ற விடவில்லை. "பால்வெட்டு" என்ற சொல்லை அது முதலில் வாய்க்குள் போட்டு மென்றது. எழுத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துச் சரிசெய்தேன். அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "சிரட்டையிலே ஒட்டுப்பால் பொறுக்குறதையும் சேர்த்திருக்கலாமே மக்ளே" என்றார். அன்று இரவே அதை எழுதிச் சேர்த்தேன். மறுநாள் புதுப் பாட்டைக் கேட்டார். மகளிர் குழுவில் போட்டபோது முந்திரி ஆலைக்குப் போகிற அக்காமார் தங்களுக்கும் ஒன்று எழுதச் சொன்னார்கள். கையில் முந்திரிப்பால் பட்டுப் புண்ணாகிற கதையை அவர்களே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தோவாளை அண்ணே, யாரைப் பார்த்துப் பாட்டு நீளும் என்று கேட்டீர்கள். அப்பாவைப் பார்த்து நீண்டது.

தோவாளை வாசி

தங்கச்சி, உங்கள் பாட்டுக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தது நீங்கள். எழுதியது நீங்கள். குரல் இல்லாத இடத்தில் செயலி குரலாக நின்றது. எங்கள் கமிட்டியில் வந்த பாட்டை யாரும் எழுதவில்லை, யாருடைய முகத்தையும் பார்த்து மாற்றவும் இல்லை. கதை தெரியாதவர் கேட்டார், கதை தெரியாதது கொடுத்தது, கதை தெரியாதவர்கள் தலையாட்டினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

குளச்சல் கரை

நான் கடற்கரைக்காரன், எங்களுக்குக் கொடை கிடையாது, திருவிழா உண்டு. ஆனால் இந்த விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது.

கட்டுமரத்தில் துடுப்புப் போடும்போதும் கரமடி வலை இழுக்கும்போதும் அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கை ஒன்றாகப் போக வேண்டும் என்பதற்காக ஏற்றுப் பாடுவார்கள். எஞ்சின் வந்தது. எஞ்சின் சத்தத்தில் யார் பாடுவது? கை சேர்வதற்கான தேவையும் போய்விட்டது. பாட்டு தானாக நின்றது. எஞ்சினைக் கழற்றிவிட்டுத் துடுப்புக்குத் திரும்ப எங்களில் ஒருவரும் தயாராக இல்லை, நான் முதலில் தயாராக இல்லை. காற்று மாறினால் சீக்கிரம் கரை சேரலாம், உயிர் சம்பந்தப்பட்டது.

அதனால் நான் கேட்பது ஒன்று. ஒரு பாட்டு எதனால் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தீர்களா? அம்பா வேலையால் இருந்தது, வேலை மாறியதும் போனது. வில்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சாமி வர வேண்டும், ஊர் கூட வேண்டும். வேலை இருக்கும்போதே அதைக் கையிலிருந்து விடுவது எனக்குப் புரியவில்லை. எங்களிடம் அப்படி யாரும் கேட்கக்கூட இல்லை.

வடசேரி நிரலர்

குளச்சல் அண்ணன் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனாலும் பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கக் கூடாது. வில்லுக் குழுவில் ஆறேழு பேர். கொடைக் காலம் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று சில மாதம். மீதி நாளில் அவர்கள் கொத்த வேலைக்கும் கூலிக்கும் போகிறார்கள். நம் மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே வில்லுக்கு முன் உட்கார்ந்தவர், ஊர் ஊராகக் கதை பாடியவர். 2018இல் இறந்தபோதுதான் பலர் பெயரையே கேட்டார்கள். கொடைக்கு ஒரு ராத்திரி மட்டும் கூப்பிட்டுவிட்டு "கலையைக் காப்பாற்றினோம்" என்றால் போதுமா?

ரப்பர் தோட்டத்து மகள்

பூங்கனி அம்மா குரல் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பதிவாகியிருந்தால் என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. ஒரு பெண் வில்லடித்து நீலி கதை பாடினால் எப்படி இருந்திருக்கும்!

மயிலாடி உளி

பதிவு செய்யலாம், கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் பதிவு செய்து யூடியூபில் போட்டால் நாளைக்கு அதையும் ஏதோ ஒரு நிரல் படித்துவிட்டு, அண்ணாவி குரல் மாதிரியே பாடிக் காசு பார்க்கும். 2024இல் பெரிய இசை நிறுவனங்களே தங்கள் பாட்டைக் கேட்காமல் பயிற்சிக்கு எடுத்தார்கள் என்று சூனோ மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. அவர்களுக்கு வக்கீல் வைக்க முடியும். நம் அண்ணாவி எங்கே போவார்? பதிவு செய்கிறவர்கள் முதலில் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்: எதற்காக, யார் கையில் இருக்கும், பணம் வந்தால் யாருக்கு. எழுத்தில் வாங்க வேண்டும்.

வடசேரி நிரலர்

அது நியாயம். கூட்டத்தில் வைக்க ஏற்றதும்கூட. அண்ணே, என் யோசனை இது. இளைஞர் பாட்டு நோட்டீசோடு வாட்ஸ்ஆப்பில் போகட்டும், ஆனால் வரியை அவர்கள் அண்ணாவியிடம் கதை கேட்டுத் திரும்ப எழுத வேண்டும். படத்துக்கு உங்கள் கோயில் சிலையையே நல்ல கேமராவில் எடுங்கள். வில்லைச் சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடியுங்கள், அப்போதுதான் பிள்ளைகள் இருப்பார்கள். பாதிராத்திரியில் பாடிவிட்டுக் கேட்க ஆள் இல்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

தோவாளை வாசி

முதல் இரண்டுக்கும் சம்மதம், கூட்டத்தில் நானே சொல்கிறேன். மூன்றாவதுக்குச் சம்மதம் இல்லை. அம்மன் பிறப்பு பாடுகிற நேரமும் நடுச்சாமப் பூசையும் படைப்பும் ஒன்றோடொன்று கட்டியவை. மணியை மாற்றினால் அண்ணாவி மட்டும் இல்லை, பூசாரியும் கோமரத்தாடியும் மாற வேண்டும்.

வடசேரி நிரலர்

அப்படியென்றால் முன்கதையையாவது சாயங்காலம் பாடச் சொல்லுங்கள். அதற்குப் பூசையோடு கட்டு இல்லையே.

தோவாளை வாசி

அதை நானும் நீங்களும் முடிவு செய்ய முடியாது. அண்ணாவி வீட்டுக்கு வியாழக்கிழமை போகிறேன், கேட்கிறேன். பாட்டுச் செய்த பையன்களில் ரெண்டு பேரைக் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.