கரிசல் மண்ணில் அஸ்திவாரம்: மேஸ்திரி ஒன்று சொல்கிறார், இன்ஜினியர் ஒன்று சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எட்டயபுரம் ரோடு:
வணக்கம். கோவில்பட்டிக்குக் கிழக்கே 4 சென்ட் மனையில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுகிறோம். தரைத்தளம் மட்டும், 950 சதுர அடி. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டத் தொடங்கி நான்கடி போயாயிற்று, இன்னும் கன்னங்கரேல் என்று கரிசல்தான் வருகிறது. மேஸ்திரி, "ஐந்தடி போதும்மா. அடியில் ஒரு அடி எம்-சாண்ட் கொட்டி தண்ணீர் விட்டு இறக்கி, கருங்கல் கட்டி மேலே கான்கிரீட் பெல்ட் போட்டால் யானை ஏறினாலும் அசையாது" என்கிறார். பிளான் போட்ட இன்ஜினியர் அண்டர்ரீம்டு பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடியில் குமிழ்போல் அகன்றிருக்கும் கான்கிரீட் தூண்) போட்டே ஆகவேண்டும் என்கிறார். செலவு கூடுகிறது என்று அப்பா முகம் சுளிக்கிறார். பக்கத்து மனை வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியிருப்பதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. என்ன செய்யலாம்?

சுக்கான்பாறை:
முதலில் ஒன்று கேட்கிறேன் அக்கா. அந்தப் பக்கத்து வீட்டு வெடிப்பு சித்திரை வைகாசியில் விரிந்து, மழை பெய்தபிறகு ஒடுங்குகிறதா? விசாரித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் அது மண் செய்கிற வேலை. சிமெண்ட் கம்மி, கம்பி கம்மி என்று கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

சைட் இன்ஜினியர்:
மேஸ்திரி யானைக் கணக்கு சொல்கிறார். கரிசலில் பாரம் பெரிய பிரச்சினையே இல்லை. தண்ணீர் பட்டால் இந்த மண் உப்பி மேலே தள்ளும், காய்ந்தால் சுருங்கிக் கீழே இறங்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீடுதான் இதில் அதிகம் அடிவாங்கும், ஏனென்றால் மண் தள்ளும்போது அமுக்கிப் பிடிக்கிற பாரம் அதற்கு இல்லை. எங்கு பார்த்தாலும் காம்பவுண்ட் சுவர் முதலில் வெடிப்பதும் இதனால்தான்.

வீட்டின் ஓரத்து மண் மழையில் நனைந்து வெயிலில் காயும், நடு ஹாலுக்குக் கீழே உள்ள மண் அவ்வளவாக மாறாது. ஓரம் ஏறி இறங்க, நடு அப்படியே நிற்க, சுவர்தான் கிழியும். ஈரம் கூடிக் குறைகிற இந்த ஆட்டம் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை, அதாவது பதினொன்றரை அடி வரை இருக்கும் என்பது நம் நாட்டுக் கரிசலுக்குப் பொதுவாக வைத்துக்கொள்கிற கணக்கு. ஐந்தடியில் நிறுத்தினால் ஆடுகிற மண்ணின் நடுவிலேயே அஸ்திவாரம் உட்கார்ந்திருக்கும்.

அந்த எம்-சாண்ட் படுக்கை எனக்கு அறவே பிடிக்கவில்லை. சுற்றிலும் களிமண், நடுவில் மணல். பெய்கிற மழையெல்லாம் அந்த மணலில் போய்த் தேங்கி, கீழே இருக்கும் கரிசலுக்கு நிதானமாகத் தண்ணீர் ஊட்டும். நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் உப்பாத செவல் சரளையைக் கொட்டி, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கலாம்.

பழைய வீட்டுக்காரன்:
இப்படிப் பயமுறுத்தினால் யார்தான் வீடு கட்டுவது? எங்கள் தாத்தா கட்டிய வீடு இதே கரிசலில் மூன்றடி அஸ்திவாரத்தில் நிற்கிறது. பைல் எல்லாம் பாலம் கட்டுகிறவர்களுக்கு.

சைட் இன்ஜினியர்:
நிற்கும் அண்ணாச்சி, நான் மறுக்கவில்லை. அது சுண்ணாம்புக் காரையா, மண் சாந்தா? இரண்டுமே கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், சிமெண்ட் சுவர் நெளியாது, உடையும். அன்றைக்கு வீட்டுக்குள் பாத்ரூம், தரைக்குள் பைப், சுவரை ஒட்டி செப்டிக் டேங்க் எதுவும் கிடையாது. தண்ணீர் வீட்டுக்கு வெளியே இருந்தது, அதுதான் காப்பாற்றியது. அப்புறம், அண்டர்ரீம்டு பைல் சின்னக் கட்டடங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் கரிசல் மண்ணுக்காகவே உருவாக்கிய முறை அது. முக்காலி நட்டு, ஆகர் என்கிற துளைக்கருவியைக் கையால் சுற்றியே தோண்டிவிடலாம், பெரிய மெஷின் தேவையில்லை.

சுக்கான்பாறை:
பைல்தானா என்று முடிவு செய்யும் முன், கரிசல் எத்தனை அடியில் முடிகிறது என்று பாருங்கள் அக்கா. நம் பக்கம் பல இடங்களில் கரிசலுக்கு அடியில் சுக்கானோ (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்) சரளையோ வரும். ஆறேழு அடியில் வந்துவிட்டால் பில்லர் புட்டிங்கை (தூணின் அகன்ற அடிப்பகுதியை) அதிலேயே உட்கார வைக்கலாம், இன்ஜினியரும் ஒப்புக்கொள்வார். மனையின் எதிரெதிர் மூலைகளில் சோதனைக் குழி போடுங்கள். ஜேசிபி வைத்தே தோண்டுங்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஆளுயரக் கரிசல் குழி சொல்லாமல் சரியும்.

எட்டயபுரம் ரோடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று குழி போட்டோம். வடகிழக்கு மூலையில் ஏழடியில் வெள்ளைச் சுக்கான் வந்துவிட்டது. தென்மேற்கில் ஒன்பதடி போயும் கறுப்புதான். மேஸ்திரி, "வந்த இடத்தில் பில்லர், வராத இடத்தில் கல்லுக்கட்டு" என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவும் வெடிப்பு மழைக்குப் பிறகு ஒடுங்குவதாகத்தான் சொன்னார்.

சைட் இன்ஜினியர்:
மேஸ்திரி சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள் மேடம். பாதி வீடு ஆடாத சுக்கானிலும் பாதி ஆடுகிற கரிசலிலும் நின்றால், வீடு முழுக்கக் கரிசலில் நிற்பதைவிட மோசம். இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு உறுதி. ஒன்று, எல்லாப் பில்லரையும் சுக்கான் வரை இறக்க வேண்டும். அது தென்மேற்கில் எவ்வளவு ஆழம் என்றே தெரியாதபோது, வீடு முழுக்க பைல் என்ற உங்கள் இன்ஜினியர் யோசனைதான் சரி.

அதற்கு முன் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். பக்கத்து பொறியியல் கல்லூரிகளில் சிவில் துறை லேப் இருக்கும். உப்புத்திறன் சோதனை எளிமையானது: சலித்த காய்ந்த மண் பத்து பத்து கிராமை இரண்டு அளவு ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதைச் சதவீதமாகச் சொல்வார்கள். 50-க்குக் கீழே என்றால் பரவாயில்லை, 100-ஐத் தாண்டினால் விளையாடக்கூடாத மண். கூடவே மண்ணில் ஆழத் துளை (போர்) போட்டு, அடியில் என்ன மண் என்றும் அறிக்கை வாங்குங்கள். எத்தனை பைல், எவ்வளவு ஆழம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, பைலுக்கு மேல் போடுகிற பீம் மண்ணில் உட்காரக்கூடாது. அடியில் 80 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. மண் உப்பினால் அந்த இடைவெளிக்குள் உப்பட்டும். வேலையாட்கள் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பழைய வீட்டுக்காரன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் போன வருடம் அட்டாச்டு பாத்ரூம் கட்டினோம், அந்த இணைப்பில்தான் விரிசல்.

எட்டயபுரம் ரோடு:
அப்பாவிடம் குழி விஷயத்தைச் சொன்னேன், பைலுக்குச் சரி என்றுவிட்டார். தோண்டிய வானத்தை என்ன செய்வது? சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் எங்கே வைப்பது?

சுக்கான்பாறை:
வானத்தையும் சோதனைக் குழிகளையும் மழைக்கு முன்னால் மூடி இறுக்கிவிடுங்கள் அக்கா. திறந்து கிடந்தால் குளமாகி, மண் முழுக்க ஊறிப்போகும். மழை முடிந்து தையில் ஆரம்பியுங்கள், அதற்குள் அறிக்கையும் வந்துவிடும். சம்ப், செப்டிக் இரண்டையும் மனை எல்லை ஓரமாக, சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். வீட்டைச் சுற்றி வெளிச்சாய்வாக நான்கடி அகலத்துக்குத் தளம் போட்டால் ஓரத்து மண் நனையாது. வேப்பங்கன்று நட ஆசைப்பட்டால் அதையும் எல்லையோரமாக நடுங்கள்.